பொன் அகழ்ந்த நிலமும் படம் பிடித்த கண்ணும்

முன்னொரு காலத்தில் நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர், இன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொறியாளராக இருக்கின்றார். சென்ற ஆண்டு அவர் நமக்கு ஒரு வண்ணப் படம் அனுப்பியிருந்தார். செம்மஞ்சள் நிறத்துச் செங்குத்துப் பாறைச் சரிவு. அதன் முகட்டில் மினாராக்கள் போல எழுந்து நிற்கும் வெண்ணிற மண் கூம்புகள். அடியில் அசைவற்ற சிறு குளம். சுற்றிலும் பைன் மரங்களின் பசுமை. மேலே மாசற்ற நீல வானம். மாலை வெயில் பட்டு அச்சரிவு முழுவதும் தணல் போல் ஒளிர்ந்தது. படத்தைக் கண்ட மாத்திரத்தில் நம் நாவில் ‘சுப்ஹானல்லாஹ்’ என்ற சொல் தானே எழுந்தது. அன்று மாலை வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கும் அப்படத்தைக் காட்டி, படைப்பின் எழிலைப் பற்றிச் சற்று நேரம் பேசவும் செய்தோம்.

இரண்டு நாள் கழித்து அம்மாணவரின் மடல் வந்தது. “ஹஜ்ரத், தாங்கள் பார்த்தது மலை அன்று, மலை இருந்த இடம். பொன்னுக்காக மனிதர்கள் நீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்த பள்ளம் அது” என்று அவர் எழுதியிருந்தார். படித்ததும் நாம் சற்று நேரம் பேச்சற்றிருந்தோம். மனிதன் உண்டாக்கிய புண்ணைக் கண்டு படைத்தவனைப் புகழ்ந்துவிட்டோமே என்ற நாணம் ஒருபுறம். பிள்ளைகளுக்கும் அதையே கற்பித்துவிட்டோமே என்ற கவலை மறுபுறம். நம் கண் பொய் சொல்லவில்லை. அந்த எழில் மெய்தான். ஆயின் எதையோ அந்தப் படம் சொல்லாமல் விட்டது. அல்லது எதையோ நாம் கேளாமல் விட்டோம். பொன் அகழ்ந்த நிலத்தின் காட்சியைப் படம் பிடிப்போர்க்கும் அப்படத்தைப் பார்ப்போர்க்கும் என்ன கடமை உண்டு என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவ்விடத்தின் பெயர் மலாக்காஃப் டிகின்ஸ். கலிபோர்னியாவின் வடபகுதியில், சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் உள்ளது. அந்நாட்டின் பொன் வேட்டை 1848 ஜனவரி 24 அன்று தொடங்கிற்று. கொலோமா என்னும் ஊரில், மர அறுவை ஆலைக்கென வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்பார் பொன் துகள்களைக் கண்டார். செய்தி பரவியதும் அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அங்குத் திரண்டனர். ஆற்று மணலைத் தட்டில் இட்டு அலசினால் கிடைத்த பொன் விரைவிலேயே அருகிப்போயிற்று. எஞ்சியது மலைகளின் வயிற்றில், பண்டைக்கால ஆறுகள் விட்டுச் சென்ற சரளைப் படுகைகளில் கிடந்தது. அதனை எடுக்க 1853இல் ஒரு புதிய வழி கண்டனர்.

உயரத்தில் அணை கட்டி நீரைத் தேக்கி, பல கல் தொலைவு வாய்க்காலில் கொணர்ந்து, செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாயில் விடுவர். குழாய் வரவர ஒடுங்கும். ஒடுங்கிய வாயிலிருந்து நீர் பீரங்கிக் குண்டு போலப் பாயும். அக்குழாய் வாய்க்கு ‘மானிட்டர்’ என்று பெயர். அந்நீர்த் தாரை பட்ட மலைச்சரிவு சேறாகிச் சரியும். சேறு நீண்ட மரத்தொட்டிகளின் வழியே ஓடும். தொட்டியின் அடியில் குறுக்குக் கட்டைகளுக்கிடையே பாதரசம் ஊற்றி வைத்திருப்பர். பொன் துகள் பாதரசத்தோடு கலந்து தங்கிவிடும். மற்றவை யாவும் ஆற்றுக்குப் போகும். கூடவே பாதரசத்திலும் ஒரு பகுதி போகும்.

மலாக்காஃபில் 1866இல் தோன்றிய நார்த் புளூம்ஃபீல்டு நிறுவனம் இவ்வழியிலேயே மலையைக் கரைத்தது. பள்ளம் ஏறத்தாழ 7,000 அடி நீளமும் 3,000 அடி அகலமும் உடையது. சில இடங்களில் 600 அடி வரை ஆழ்ந்திருந்தது. கரைந்த மண் யூபா ஆற்றில் இறங்கிற்று. ஆற்றின் படுகை உயர்ந்தது; வெள்ளம் கரை கடந்தது; 1875இல் மேரிஸ்வில் நகரம் நீரிலும் சேற்றிலும் மூழ்கிற்று. கோதுமை வயல்களையும் பழத்தோட்டங்களையும் மணல் மூடியது. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1884 ஜனவரி 7 அன்று நீதிபதி லொரென்சோ சாயர், மண்ணை ஆற்றில் விடலாகாது எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்போடு மலாக்காஃபின் பெருந்தொழில் ஓய்ந்தது. பின்னர் 1917இல் நில ஆய்வறிஞர் ஜி. கே. கில்பர்ட், சியரா மலைகளிலிருந்து இவ்வாறு கரைத்துவிடப்பட்ட மண்ணின் அளவை ஏறத்தாழ 150 கோடி கன கெஜம் என்று கணக்கிட்டார். அந்தப் பள்ளமும் அதன் சுற்றுப்புறமும் இன்று மாநில வரலாற்றுப் பூங்கா. நாம் கண்ட செம்மஞ்சள் சரிவு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நீர் அறுத்த வெட்டுவாய்.

இதே பள்ளத்தை அது வெட்டப்பட்டுக் கொண்டிருந்த காலத்திலேயே படம் பிடித்தவர் ஒருவர் உண்டு. கார்ல்டன் வாட்கின்ஸ் என்பது அவர் பெயர். 1829இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இளம் வயதில் பொன் வேட்டைக் கூட்டத்தோடு மேற்கே வந்தவர். 1861இல் யோசமிட்டிப் பள்ளத்தாக்கிற்கு, 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்று அவர் எடுத்த படங்கள் பெரும் புகழ் பெற்றன. அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று காத்துவைக்கும் சட்டத்தில் 1864இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்டதற்கு அப்படங்களும் துணை நின்றன என்பர். அதே வாட்கின்ஸ்தான் நிலவுடைமையாளர்களுக்காகவும் சுரங்க நிறுவனங்களுக்காகவும் படம் எடுத்தார். யோசமிட்டியைக் காக்கத் தூண்டிய கண்ணும் மலாக்காஃபின் அழிவைப் பதித்த கண்ணும் ஒன்றே. தகட்டின் அளவும் ஒன்றே. கை நேர்த்தியும் ஒன்றே.

1871ஆம் ஆண்டை ஒட்டி அவர் எடுத்த மலாக்காஃப் படத்தை நம் மாணவர் அனுப்பிய வண்ணப் படத்துடன் அருகருகே வைத்துப் பார்த்தோம். பழைய படத்தில் மரமில்லை, குளமில்லை. வெறுமையான சரிவின் மீது வெண்ணிற நீர்த் தாரைகள் வளைந்து பாய்கின்றன. முன்புறத்தில் உருண்ட கற்கள் சிதறிக் கிடக்கின்றன. நீர் வந்த குழாயும் அது பாயும் வாயும் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தப் பெருவெளியில் மனித உருவம் எறும்பளவே. படத்தின் அமைப்போ குற்றம் காண இயலாத ஒழுங்குடையது. யோசமிட்டியின் அருவியை எந்தப் பொறுமையோடு பார்த்தாரோ, அதே பொறுமையோடு இந்தச் செயற்கை அருவியையும் வாட்கின்ஸ் பார்த்திருக்கின்றார். இதனைப் புகழ்ச்சியாகவும் கொள்ளலாம், குற்றச்சாட்டாகவும் கொள்ளலாம். நாம் இரண்டாகவும் கொள்கின்றோம்.

குற்றச்சாட்டை முதலில் சொல்வோம். அக்காலத்து ஈரத்தகடு முறையில், கண்ணாடியின் மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். ஒளி படும் நேரம் பல வினாடிகள் நீளும். அசையாதது மட்டுமே தெளிவாகப் பதியும். அசைவது மங்கும் அல்லது மறையும். மண்வெட்டி ஓங்கிய கை பதியாது. கைகட்டி நிற்பவரே பதிவார். கல்லை உருட்டும் வேகத்தோடு பாய்ந்த நீர், படத்தில் பஞ்சுபோல மென்மையாகிவிடும். உழைப்பும் வன்மையும் இவ்வாறு அம்முறையின் இயல்பினாலேயே படத்திலிருந்து கழுவப்பட்டன. ஓசையோ எந்தப் படத்திலும் இல்லை. மலை சரிந்த முழக்கத்தை நீக்கிவிட்டு, மலை சரிந்த காட்சியை மட்டும் மாளிகைச் சுவரில் மாட்டினால், அது ஓய்வு நேரத்துக் காட்சியாகிவிடும். பணம் போட்ட முதலாளிக்கு அத்தகைய படமே வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று உண்டு. நாம் அறிந்தபோது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அதுவே. பொன் வேட்டையின் தொடக்க ஆண்டுகளில் எடுத்த படங்கள் டாகரோடைப் என்னும் முறையைச் சார்ந்தவை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி விழுந்தபின், பாதரச ஆவியைக் காட்டினால்தான் உருவம் எழும். எழுந்த உருவம் நிலைக்கத் தங்கக் குளோரைடு கரைசலை ஊற்றிச் சூடாக்குவர். வாட்கின்ஸ் காலத்தில் முட்டையின் வெண்கரு பூசிய காகிதத்தில் படத்தை வெயிலில் அச்சிட்டு, அதற்கும் தங்கக் கரைசலாலேயே நிறமேற்றினர். பழைய படங்களின் இனிய கபில நிறத்தில் உண்மையாகவே பொன் கலந்திருக்கின்றது. மலையைக் கரைத்தவன் கையிலும் பாதரசம். படத்தை எழுப்பியவன் கையிலும் பாதரசம். மலையிலிருந்து வந்ததும் பொன். மலையின் படத்தை நிலைக்கச் செய்ததும் பொன். எனவே படம் பிடிப்பவன், பொன் வணிகத்திற்கு வெளியே தூய சாட்சியாக நின்றான் எனச் சொல்லுதற்கில்லை. அவனும் அத்தொழிலின் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தவனே.

பாதரசத்தின் வழியைத் தேடிச் சென்றால் நம் மொழியறிவுக்கும் ஒரு விருந்து கிடைக்கின்றது. கலிபோர்னியப் பொன் சுரங்கங்களுக்குப் பாதரசம் வழங்கிய இடங்களுள் முதன்மையானது சான்ஹோசே நகருக்கு அருகிலிருந்த நியூ அல்மடேன். அதனையும் 1863இல் வாட்கின்ஸ் படம் எடுத்திருக்கின்றார். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற பாதரசச் சுரங்க ஊராகிய அல்மடேனின் பெயரே அதற்கு இடப்பட்டது. அந்த ஸ்பானியப் பெயரோ ‘அல்-மஃதின்’, அதாவது சுரங்கம், என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அந்துலூசிய அரபியரின் சொல் ஒன்று கடல் கடந்து அத்தொலைவு சென்று, அறியாத ஆறுகளில் கலந்த நஞ்சுக்கு முகவரியாக நின்றதை எண்ணும்போது, சொல்லைக் கண்ட மகிழ்ச்சி நெஞ்சில் தங்கவில்லை. சியராவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பிடிக்கும் சில மீன்களை அளவோடு உண்ணுமாறு அரசு இன்றும் எச்சரிக்கின்றது. பள்ளத்தின் வண்ணப் படத்தில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

இனி வாட்கின்ஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதற்குத் தமிழ் இலக்கணமே நமக்கு உரைகல். நம் முன்னோர் நிலத்தைப் பாடும்போது முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, நீர்நிலை ஆகியவற்றோடு அங்கு வாழும் மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருள். அவர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். தொழிலை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் பாடுவது தமிழ் மரபில் முழுமையாகாது. இந்த அளவுகோலால் அளந்தால், நம் மாணவர் அனுப்பிய வண்ணப் படத்தில் முதற்பொருள் மட்டுமே நிற்கின்றது: சரிவும் மாலைப் பொழுதும். கருப்பொருளாகிய தொழில் மறைந்தது. ஆகவே உரிப்பொருளும் பிறழ்ந்து, இரங்க வேண்டிய இடத்தில் வியந்தோம். வாட்கின்ஸின் படத்திலோ குழாய் இருக்கின்றது, நீர் இருக்கின்றது, எறும்பளவேனும் மனிதன் இருக்கின்றான். அவர் யாருக்காக எடுத்திருந்தாலும், எதனால் இந்நிலம் இப்படியாயிற்று என்பதைச் சட்டத்திற்கு வெளியே தள்ளிவிடவில்லை. முதலாளியின் பெருமைக்குக் காட்டிய அதே படம் இன்று நமக்கு முறையீடாக நிற்பது இதனால்தான்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கின்றோம். அங்கே நிலத்தைத் திரித்தது கதிரவனின் வெம்மை. மலாக்காஃபில் நிலத்தைத் திரித்தது நீர். குறிஞ்சி நிலத்தை நீராலேயே பாலையாக்கிய விந்தையை நம் பழம்புலவர் எவரும் கண்டிலர். கண்டிருந்தால் அதற்கென ஒரு துறை வகுத்திருப்பர் போலும்.

ஆயினும் வாட்கின்ஸின் படத்திலும் காணப்பெறாதோர் உளர். அம்மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நிசெனான் மக்கள். பொன் வேட்டைக்குச் சற்று முன் கலிபோர்னியா முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக இருந்த தொல்குடியினர், கொலையாலும் நோயாலும் பசியாலும் குறைந்து, 1870களின் தொடக்கத்தில் முப்பதாயிரம் அளவினராயினர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். பண்டை அரபுக் கவிஞர் பாலையில் பயணம் செய்யும்போது, ஆளற்ற பழைய கூடார இடத்தைக் கண்டால் ஒட்டகத்தை நிறுத்தி இறங்குவர். அடுப்புக் கல்லையும் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய சிறு கால்வாயின் தடத்தையும் பார்த்து, இங்கிருந்தோர் எங்கே என வினவிய பின்னரே கவிதையைத் தொடங்குவர். ‘அத்லால்’ எனப்படும் அந்தச் சிதைவுகளின் முன் நிற்பது அரபுக் கவிதையின் நுழைவாயில். மலாக்காஃபில் அடுப்புக் கல்லும் மிஞ்சவில்லை. மலையோடு அதுவும் கரைந்தது. அங்கே நிற்கும் படக்காரர் வினவ வேண்டிய முதல் வினா, இங்கிருந்தோர் எங்கே என்பதே.

‘அபர’ என்ற அரபு வினைக்குக் கடந்து செல்லுதல் என்று பொருள். அதன் வேரிலிருந்தே ‘இப்ரத்’ என்னும் படிப்பினை வந்தது. ‘இபாரத்’ என்னும் சொற்றொடர் வந்தது. ‘அப்ரத்’ என்னும் கண்ணீர்த் துளியும் வந்தது. கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வதே படிப்பினை. சொல் நாவிலிருந்து செவிக்குக் கடக்கின்றது. நீர் கண்ணிலிருந்து கன்னத்திற்குக் கடக்கின்றது. நிலக்காட்சிப் படத்தை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் அளவை இதுவே: பார்ப்பவன் அதனைக் கடந்து அப்பால் செல்ல அது வழி விடுகின்றதா, அல்லது தன் வண்ணத்திலேயே அவனை நிறுத்திக் கொள்கின்றதா?

“அழகை அழகாகப் பார்த்தால் போதாதா? ரோசாவை முகர்பவன் எருவை நினைக்க வேண்டுமா?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அழகில்லாத படத்தின் முன் எவரும் நிற்கமாட்டார். நில்லாதவர் வினவவும் மாட்டார். நாம் அழகை விலக்கச் சொல்லவில்லை. ஆயின் எருவால் ரோசாவுக்கு நன்மை. இந்தச் செம்மஞ்சள் சரிவினால் மேரிஸ்வில் உழவனுக்கு என்ன நன்மை? எழிலின் விலையைக் கொடுத்தவன் ஒருவன், எழிலை நுகர்பவன் மற்றொருவன் என்றிருக்கும்போது, கொடுத்தவனின் பெயரை மறைப்பது கணக்கில் செய்யும் மோசடிக்கு ஒப்பாகும். படத்தின் அடியில் ஓரிரு வரி எழுதினாலும் போதும்; சட்டத்தின் ஓரத்தில் துருப்பிடித்த குழாயொன்று தெரிந்தால் இன்னும் நன்று.

இது தொலைதூரத்து அமெரிக்கர்க்குச் சொல்லும் அறிவுரை மட்டுமன்று. கோலார் தங்க வயல் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. தமிழகத்திலிருந்து சென்ற ஏழைத் தொழிலாளர் தலைமுறைகள் பல அதன் ஆழத்தில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. பாறை வெடிப்பில் அங்கு மாண்டோர் பலர். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அரைத்துப் பொன் எடுத்தபின் கொட்டிய மண், ‘சயனைடு மேடு’ என்னும் பெயரோடு குன்றுகளாக நிற்கின்றது. மழை அரித்த அம்மேடுகளின் மடிப்புகளில் படத்திற்கேற்ற எழில் உண்டு. திரைப்படக்காரர்கள் அங்கே வந்து சண்டையும் பாட்டும் எடுத்திருக்கின்றனர். காற்றடிக்கும் நாளில் அம்மேட்டின் தூசி எந்தத் தெருவில் இறங்குகின்றது என்பதைப் படச்சுருள் சொல்வதில்லை. அங்கே படம் பிடிக்கச் செல்லும் நம் இளைஞர், அம்மேடு நம்மவர் தோளில் சுமந்த மண் என்பதை அறிந்து கருவியைத் திறப்பது நன்று.

வாட்கின்ஸின் முடிவையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1870களின் நடுவில் கடனால் தம் கண்ணாடித் தகடுகளை இழந்தார். மீண்டும் உழைத்துச் சேர்த்தவற்றை 1906இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின் தீ உண்டது. பார்வையும் மங்கி, 1916இல் மனநோய் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். பொன்னால் நிறமேற்றிய படங்களைத் தந்தவர் கையில் பொன் தங்கவில்லை.

இரண்டு படங்களையும் மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டினோம். முன்பு நாம் கூறியது பாதி என்பதை ஒப்புக்கொண்டு, மீதியைக் கூறினோம். “அப்படியானால் அன்று சொன்ன சுப்ஹானல்லாஹ் தவறா, ஹஜ்ரத்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நாம் வண்ணப் படத்தின் ஓரத்தைச் சுட்டினோம். 1871இல் ஒரு மரமும் இல்லாத சரிவின் அடியில் பைன் கன்றுகள் வேர் பிடித்திருந்தன. அச்சொல்லை நாம் மீளப் பெறவில்லை. அது சேரவேண்டிய இடம் அக்கன்றுகள் என்று விடை தந்தோம்.

நம் மாணவருக்கும் மறுமடல் எழுதியிருக்கின்றோம். அடுத்த முறை அங்குச் செல்லும்போது பழைய குழாய் வாய் ஒன்று கண்ணில் பட்டால், அதனையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்புமாறு கேட்டிருக்கின்றோம்.